சென்று சேரும் பணியும் தங்கி நிற்கும் பணியும்

கிராமங்களைத் தேடிச் செல்லும் மருத்துவப் பணியைப்பற்றிச் சிந்திக்கும் ஆயர்கள் இரு நூல்களை அருகருகே வைத்து வாசிப்பது நலம். ஒன்று, டாரதி கிளார்க் வில்சன் 1959இல் வெளியிட்ட 'டாக்டர் ஐடா'. மற்றொன்று, ரஜனிகாந்த் ஆரோலே, மேபெல் ஆரோலே தம்பதியர் 1994இல் வெளியிட்ட 'ஜாம்கேட்'.

முன்னையது வேலூர் ஐடா ஸ்கடரின் வாழ்க்கை வரலாறு. 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய அவரது பணி, பின்னர் சாலையோர மரநிழல்களையும் நாடிச் சென்றது. வர இயலாதோரிடம் மருத்துவமே செல்லவேண்டும் என்னும் உண்மையை இந்நூல் நெஞ்சில் பதிக்கிறது. ஆயினும் அதன் ஒளி பெரிதும் மருத்துவர்மீதே விழுகிறது. மரத்தடியில் காத்திருந்தோர் கூட்டமாகவே நிற்கின்றனர். வண்டி சென்ற பின் அவர்களுக்கு யார் துணை என்னும் வினாவுக்கு அங்கே இடம் குறைவு.

அவ்வினாவே பின்னைய நூலின் உயிர்நாடி. வேலூரில் பயின்ற ஆரோலே தம்பதியர் 1970இல் மகாராஷ்டிரத்தின் வறண்ட ஜாம்கேட் பகுதியில் பணி தொடங்கினர். துணைச் செவிலியரைக் கொண்டு கிராமப் பணியை நடத்த எடுத்த முயற்சி பயனளிக்கவில்லை. ஆகவே கிராமத்தார் தேர்ந்தெடுத்த பெண்களையே நலப்பணியாளராகப் பயிற்றுவித்தனர். எழுத்தறியாதோரும் தலித் பெண்களும் அவர்களுள் இருந்தனர். ஊர்தி நிறுத்தப்படவில்லை, அதன் வேலை மாறிற்று. அப்பெண்களுக்குத் துணைநின்று கற்பிக்கும் குழுவை அது சுமந்து சென்றது. ஆயிரம் பிறப்புக்கு 1971இல் 176ஆக இருந்த சிசு மரணம் 1976இல் 52ஆகக் குறைந்தது.

இதன் காரணம் எளிது. குழந்தையின் வயிற்றுப்போக்கு, ஊர்தி வரும் கிழமைக்காகக் காத்திராது. உப்பும் சர்க்கரையும் அளவறிந்து நீரில் கலந்து கொடுக்க, அவ்விரவே பக்கத்து வீட்டில் ஒருத்தி வேண்டும். தடுப்பூசியின் அடுத்த தவணையை நினைவூட்டுவதற்கும் கர்ப்பிணியைத் தவறாது கவனிப்பதற்கும் அவளே ஏற்றவள்.

இந்நூலும் குறைக்கு அப்பாற்பட்டதன்று. பணியை நிறுவியோரே எழுதியதால், வெளியாரின் நடுநிலை மதிப்பீட்டை இதில் எதிர்பார்க்க இயலாது. எனினும் பயனற்றுப்போன முயற்சியை மறையாது கூறும் நேர்மையும், கிராமப் பெண்களின் வாழ்வுக்கு அது தரும் இடமும் போற்றத்தக்கவை.

லூக்கா 10ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் எழுபதுபேரை அனுப்புகிறார். நோயுற்றோரைச் சுகமாக்கும்படி கட்டளையிடுமுன், வீட்டுக்கு வீடு மாறாமல் ஒரே வீட்டில் தங்குமாறு பணிக்கிறார். அனுப்பப்படுதலை நாம் மிகுதியாகப் பிரசங்கிக்கிறோம், தங்குதலை மறந்துவிடுகிறோம். ஆண்டுக்கு ஒருநாள் மருத்துவ முகாம் நடத்தி, பயன்பெற்றோர் தொகையை அறிக்கையில் எழுதி மனநிறைவு கொள்ளும் சபைகள் பல. 2021இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டமும் பெண் தன்னார்வலர்களை வீடுகளுக்கு அனுப்புகிறது. அரசு கண்டுகொண்டதைத் திருச்சபை காணாதிருக்கலாமா?

முகாம் வேண்டாமென்பதன்று நம் கருத்து. அடுத்த முகாமைத் திட்டமிடும்முன், அவ்வூரில் பயிற்சி பெறப்போகும் பெண் யார் என்று கேட்போமாக. அவ்வினாவுக்கு விடை கிடைக்கும்வரை ஊர்தி புறப்படத் தாமதித்தாலும் தவறில்லை.