முப்பது விநாடித் தேசப்பற்று

சுதந்திர தினத்தன்று என் மருமகன் வட்ஸ்அப்பில் ஸ்டேடஸ் போட்டிருந்தான். இறக்காமம் குளம், மேலே சிங்கக்கொடி, பின்னணியில் ஏ.ஆர். ரஹ்மானின் 'தாய் மண்ணே வணக்கம்'. இந்தியச் சுதந்திரப் பொன்விழாவை ஒட்டி 1997இல் வெளிவந்த பாட்டு அது.

"மருமகன், இது இந்தியாட பாட்டெல்லா?" என்று கேட்டேன்.

"தெரியும் மாமா. நம்மட பாட்டப் போட்டா ஆரு பாக்கிற?"

ஊரில் பெரியவர்கள் சிலருக்கு வேறொரு மனக்குறை. நம் வழக்கில் வணக்கம் என்றால் இபாதத்; அதை மண்ணுக்குச் சொல்லலாமா என்கிறார்கள். ஹிந்தியில் அதே பாட்டு 'சலாம்' என்றுதான் சொல்கிறது. சொல்லில் தயக்கம் இருக்கலாம். மண்ணை நேசிப்பதில் தயக்கம் வேண்டியதில்லை. மக்காவைப் பிரிந்தபோது நபி (ஸல்) அவர்கள் அந்த மண்மீது வெளிப்படுத்திய நேசம் நாம் அறிந்ததே.

என் விமர்சனம் பாட்டின் மீதல்ல, அதை வெட்டும் விதத்தின் மீது. டிக்டொக்கிலும் ஸ்டேடஸிலும் உச்சஸ்தாயி மட்டுமே மிஞ்சுகிறது. ஆனந்த சமரக்கோனின் தேசிய கீதத்துக்குப் புலவர் மு. நல்லதம்பி தந்த தமிழ் வடிவத்தை எடுத்துக்கொள்வோம். தொடக்கம் நாட்டின் வளத்தைப் போற்றுகிறது. நாமெல்லாம் ஒரு தாய் மக்கள், பேதங்களை அகற்றுவோம் என்ற பொருள் முடிவில்தான் வருகிறது. நம்மிடம் ஏதாவது கேட்கும் பகுதியும் அதுதான். முப்பது விநாடிக்குள் அது வந்து சேராது.

அந்தத் தமிழ் வடிவத்தின் கதையையும் பிள்ளைகள் அறிய வேண்டும். 2016 பெப்ரவரி 4 அன்று அரச விழாவில் அது ஒலித்தபோது நாம் மகிழ்ந்தோம். அதே ஆண்டு ஒக்டோபரில் நம் மாணிக்கமடு மாயக்கல்லி மலையில் சிலை வைக்கப்பட்டு, ஊரே கலங்கியது. 2020 அரச விழாவில் தமிழ்க் கீதம் இல்லை. 2022இல் காலிமுகத்திடல் போராட்டக்காரர்கள் அதைத் தாங்களாகவே பாடினார்கள்.

ஆகவே, இரவல் பாட்டைப் போட்ட பொடியனை நான் ஏசமாட்டேன். அவன் நாட்டை நேசிக்கிறான். அந்த நேசத்தைச் சொல்லத் தன் மொழியில் கேட்கத்தக்க பாட்டைத் தேடுகிறான். விழாவுக்கு விழா வந்துபோகும் கீதம் அவன் காதில் எப்படிப் பதியும்? நம் கவிஞர்கள் குளத்தையும் வயலையும் கடலையும் வைத்து, அவர்கள் காதுக்குப் பிடித்த மெட்டில், இந்த நாட்டுக்கான பாட்டுகளை எழுத வேண்டும். பள்ளிக்கூடங்கள் கீதத்தைக் கடைசி அடிவரை பொருளோடு படிப்பிக்க வேண்டும். இவ்விரண்டையும் செய்யாமல் பிள்ளைகளின் போனை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.