மின் சிகரெட்டை இழுப்பவர் யார்? ஓர் ஆய்வுரையும் சில ஐயங்களும்

சிகரெட் பிடிப்பது செல்வர்களின் ஆடம்பரம் என்று நினைக்கிறீர்களா? பிரிட்டனைப் பொறுத்தவரை அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். நுரையீரல் புற்றுநோய்க்கும் சிகரெட்டுக்கும் உள்ள தொடர்பை 1950-இல் ரிச்சர்டு டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் வெளியிட்டபோது, அங்கே மருத்துவரும் புகைத்தார். சுரங்கத் தொழிலாளியும் புகைத்தார். செய்தி பரவப் பரவ, படித்தவர்களும் வசதியுள்ளவர்களும் முதலில் விட்டார்கள். விளைவு? 2019-ஆம் ஆண்டுக் கணக்கின்படி நிர்வாக, உயர்தொழில் பணிகளில் உள்ளோரில் நூற்றுக்கு 9 பேரே புகைத்தனர். உடலுழைப்புப் பணிகளில் உள்ளோரில் 23 பேர் புகைத்தனர்.

இந்த இடைவெளிக்கு நடுவேதான் மின் சிகரெட் வந்து புகுந்தது. இதில் புகையிலை எரிவதில்லை. நிக்கோட்டின் கலந்த திரவம் மின்கலத்தால் சூடேறும் சுருளில் பட்டு ஆவியாகிறது. எரிதல் இல்லாததால் தாரும் கார்பன் மோனாக்சைடும் இல்லை. ஆனால் அடிமைப்படுத்தும் நிக்கோட்டின் அப்படியே இருக்கிறது. இந்தியாவில் 2019-இல் சட்டத்தால் தடை செய்யப்பட்ட பொருள் இது. அதை இங்கே எடுத்துப் பேசுவது, ஒரு புள்ளிவிவரத்தை எப்படிப் படிப்பது என்பதற்காகவே.

இங்கிலாந்தில் இதை இழுப்போர் யார், வசதியுள்ளவரா, வறியவரா? லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியைச் சேர்ந்த லோரன் காக், லயன் ஷஹாப், ராபர்ட் வெஸ்ட், ஜேமி பிரௌன் ஆகியோர் இக்கேள்விக்கு விடை தேடி எழுதிய ஆய்வுரை 2019-இல் ‘அடிக்‌ஷன்’ இதழில் வந்தது. 2014 முதல் 2017 வரை வீடு வீடாகச் சென்று திரட்டிய கணக்கு அது. அவர்கள் கண்டவை மூன்று. புகைப்போரிடையே முதலில் வசதியுள்ளவர்களே மின் சிகரெட்டை அதிகம் பயன்படுத்தினர். ஆண்டுகள் செல்ல இந்த வேறுபாடு குறைந்தது. புகையை விட முயலும்போது அதன் துணையை நாடியதில் ஏழை, பணக்காரர் என்ற வேறுபாடு பெரிதாக இல்லை. புகையை விட்டு ஓராண்டுக்கு மேலானவர்களிடையே மட்டும், வசதி குறைந்தவர்களே மின் சிகரெட்டை அதிகம் இழுத்தனர்.

ஆய்வுரையின் பெரும் சிறப்பு, ‘மின் சிகரெட் இழுப்போர்’ என்று எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டாததுதான். புகைப்பவர், விட முயல்பவர், விட்டவர் என்று பிரித்த பிறகே தரநிலையைப் பார்க்கிறார்கள். அப்படிப் பிரிக்காவிட்டால், ஏழைகளிடையே புகைப்போர் அதிகம் என்ற பழைய செய்தியே புதுவேடம் போட்டு வந்து நிற்கும். நாளிதழ்த் தலைப்புகள் பலவும் இங்கேதான் சறுக்குகின்றன.

இனி நம் ஐயங்களுக்கு வருவோம். மூன்றாவது முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். விட்ட பிறகும் ஏழைகளால் நிக்கோட்டினைக் கைவிட முடியவில்லை என்று அதைப் படிக்கத் தோன்றும். சற்று நில்லுங்கள். வசதியுள்ள வகுப்பில் ‘விட்டவர்’ யார்? அவர்களில் பலர் 1970-களிலும் 1980-களிலும் விட்டவர்கள். மின் சிகரெட்டின் இன்றைய வடிவத்தைச் சீனாவில் ஹோன் லிக் உருவாக்கியதே 2003-இல்தான். இல்லாத பொருளை அவர்கள் எப்படி இழுத்திருக்க முடியும்? வறிய வகுப்பில் விட்டவர்களோ பெரும்பாலும் பிற்காலத்தில் விட்டவர்களாக இருக்கக்கூடும். அப்படியானால் நாம் காணும் வேறுபாட்டில் ஒரு பகுதி வர்க்கத்தின் வேறுபாடு அன்று, நாட்காட்டியின் வேறுபாடு. எந்த ஆண்டில் விட்டார் என்று பிரித்துக் காட்டியிருந்தால் இக்குழப்பம் தீர்ந்திருக்கும்.

அடுத்து, தரநிலை என்ற அளவுகோல். ஏ, பி, சி1, சி2, டி, இ என்று குடும்பத்தில் அதிகம் சம்பாதிப்பவரின் தொழிலைக் கொண்டு எல்லோரையும் ஆறு படிகளில் வைக்கும் முறை இது. பத்திரிகைகளைப் படிப்போர் யார் என்று விளம்பரதாரர்களுக்குச் சொல்வதற்காகப் பயன்பட்ட முறை! (சோப்பு விற்க உதவிய தராசில் நோயை நிறுக்கிறோம்.) கடைசிப் படியான ‘இ’-இல் அரசு ஓய்வூதியத்தை மட்டுமே நம்பியிருக்கும் முதியவரும் வேலையற்ற இளைஞரும் ஒன்றாக அமர்ந்திருக்கிறார்கள். மேலும், வீடுகளில் எடுத்த கணக்கில் வீடற்றவர்களும் சிறைவாசிகளும் வரமாட்டார்கள். இங்கிலாந்தின் மூடிய சிறைகளில் 2018-க்குள் புகைத்தல் முற்றிலும் தடை செய்யப்பட்டு, மின் சிகரெட் மட்டும் அனுமதிக்கப்பட்டது. மிகவும் கீழ்ப்படியில் உள்ளவர்களிடம் நடந்த பெரிய மாற்றம் அட்டவணைக்கு வெளியே நின்றுவிட்டது.

மாதந்தோறும் புதிய ஆட்களைக் கேட்ட கணக்கு என்பதையும் மறவாதீர்கள். இடைவெளி குறைந்ததென்றால் ஏழைகள் அதிகமாக எடுத்துக்கொண்டார்களா, அல்லது முன்பு மின் சிகரெட் இழுத்த வசதியுள்ளவர்கள் புகையை முழுதும் விட்டு ‘புகைப்போர்’ பட்டியலிலிருந்தே நீங்கினார்களா? இரண்டுக்கும் வரைபடத்தில் ஒரே கோடுதான் விழும்.

பீட்டர் ஹாயெக் குழுவினர் 886 பேரிடம் நடத்தி 2019-இல் வெளியிட்ட சோதனையை இதன் அருகில் வைத்துப் பார்க்கலாம். மின் சிகரெட் பெற்றவர்களில் 18 விழுக்காட்டினர் ஓராண்டு முடிவில் புகையை விட்டிருந்தனர். நிக்கோட்டின் பட்டை, மெல்லும் கோந்து முதலியவற்றைப் பெற்றவர்களில் 9.9 விழுக்காட்டினர். ஆனால் மின் சிகரெட்டால் விட்டவர்களில் 80 விழுக்காட்டினர் அதை அப்போதும் இழுத்துக்கொண்டிருந்தனர். விட்டவர் தொடர்ந்து இழுப்பது, சிகரெட்டுக்குத் திரும்பாமல் காக்கும் கைத்தடியா, புதிய விலங்கா? காக் குழுவினரின் எண்கள் இதற்கு விடை சொல்லா.

விடை அவசரமாகத் தேவைப்படுகிறது. மின் சிகரெட் திரவத்துக்கு 10 மில்லிலிட்டருக்கு 2.20 பவுண்டு வரி என்று பிரிட்டிஷ் அரசு 2024-இல் அறிவித்தது. தொடக்கம் 2026 அக்டோபர். நிக்கோட்டின் எவ்வளவு இருந்தாலும் வரி ஒன்றே. சிகரெட் வரியையும் கூடவே உயர்த்தி, விலை இடைவெளியைக் காப்போம் என்கிறார்கள். ஓராண்டுக்கு முன் சிகரெட்டை விட்டுவிட்டு மின் சிகரெட்டில் நிற்கும் ‘டி’ படித் தொழிலாளிக்கு அந்த இடைவெளி போதுமா என்பதை, அதே ஆளை மறுபடி தேடிப்போய்க் கேட்கும் கணக்கெடுப்பு ஒன்றுதான் காட்டும்.