வழிபாட்டின் ஊற்று எது?

1649இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் தேவாலயத்தில் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தபோதே, குவேக்கர் இயக்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் உரத்த குரலில் மறுத்துப் பேசினார். எந்தப் போதனையையும் வேதவசனத்தைக் கொண்டே சோதிக்க வேண்டும் என்றார் போதகர். அந்த வசனத்தைத் தந்த ஆவியைக் கொண்டுதான் சோதிக்க வேண்டும் என்றார் ஃபாக்ஸ். அதற்காகச் சிறைக்கும் போனார்.

தொடக்ககாலக் குவேக்கர்களின் வழிபாட்டுக் கொள்கை இந்த மோதலிலேயே அடங்கியிருக்கிறது. மனிதன் தன் விருப்பப்படி, எழுதிவைத்ததை ஒப்பிப்பது பொய் வழிபாடு. மௌனமாகக் காத்திருந்து, ஆவி தூண்டினால் மட்டும் வாய் திறப்பது மெய் வழிபாடு. 1676இல் லத்தீனில் வெளிவந்த குவேக்கர் இறையியலாளர் ராபர்ட் பார்க்லேயின் நூல் இதைத் தர்க்கமாக வகுத்தது. கூடும் நேரத்தைக் குறிக்கலாம், பேசும் நேரத்தை யாரும் குறிக்க முடியாது என்பது அதன் சாரம். ஜெபப் புத்தகம், சம்பளப் போதகர், தண்ணீர் ஞானஸ்நானம், திருவிருந்து எல்லாமே விலக்கப்பட்டன.

இதன் வலிமையை அடக்குமுறைக் காலம் காட்டியது. அரசு தேவாலயத்துக்கு வெளியே கூடுவதை 1664ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தபோதும் குவேக்கர்கள் வெளிப்படையாகவே கூடினார்கள். 1682இல் பிரிஸ்டலில் பெரியவர்கள் சிறையில் கிடக்க, பிள்ளைகளே கூடுகையை நடத்தினார்கள். குருவும் பீடமும் தேவைப்படாத வழிபாட்டை எதைப் பூட்டி நிறுத்துவது? பெண்களுக்கும் இதே கொள்கைதான் வாசல் திறந்தது. பெண்கள் சபையில் பேசுவது வேதத்துக்கு உகந்ததே என்று வாதிட்டு, குவேக்கர் தலைவர்களில் ஒருவரான மார்கரெட் ஃபெல் 1666இல் நூலே வெளியிட்டார். அப்போது அவர் லங்காஸ்டர் சிறையில் இருந்தார்.

ஆனால் உள்ளே எழும் குரல் ஆவியுடையதா, தன்னுடையதா? இந்தக் கேள்விக்கு அவர்களிடம் உறுதியான விடை இல்லை. அதே பிரிஸ்டலுக்குள் 1656இல் குவேக்கர் பிரசங்கி ஜேம்ஸ் நெய்லர் குதிரையில் நுழைந்தார். எருசலேமுக்குள் வந்த கிறிஸ்துவைப் போல, உடன்வந்தவர்கள் ஓசன்னா பாட. நாடாளுமன்றம் அவர் நெற்றியில் சூடுபோட்டு, நாக்கைத் துளைத்தது. தண்டனை கொடூரமானது, அதற்காகக் கொள்கையின் ஓட்டையை மறைக்க முடியாது. பிற்பாடு லண்டன் குவேக்கர் தலைவர்கள், தங்கள் எழுத்துகளை அச்சுக்கு முன்பே சரிபார்க்கும் கூட்டம் ஒன்றை அமைத்தார்கள். தனிமனிதனின் உள்ளே எழும் குரலுக்கும் சபையின் சோதனை வேண்டும் என்பதைக் காலம் தாழ்த்தியே ஒப்புக்கொண்டார்கள்.

இன்னொரு இழப்பு எனக்குப் பெரிதாகப் படுகிறது. இசைக் குடும்பத்தில் பிறந்த சாலமன் எக்கிள்ஸ், குவேக்கரானதும் தன் வாத்தியங்களைத் தீயிலிட்டார். உயிரற்ற சடங்கைக் கண்டித்தது நியாயம். உள்ளத்திலிருந்து எழும் பாட்டையும் அதே பட்டியலில் சேர்த்தது பிழை. ஊற்றைப் பார்க்கச் சொன்னவர்களே வடிவத்தைப் பார்த்துத் தீர்ப்பெழுதிவிட்டார்கள். இன்று உலகிலேயே அதிகக் குவேக்கர்கள் வாழும் நாடு கென்யா. அங்கே பெரும்பாலான கூடுகைகளில் போதகர் இருக்கிறார், பாட்டும் இருக்கிறது.