பித்தளையும் பூவும்: அசையாப் பொருள் ஓவியத்தில் பளபளப்பு

பாத்திரம், பழம், பூ போன்றவற்றை மட்டுமே பொருளாகக் கொண்டு வரைவது அசையாப் பொருள் ஓவியம். ஓவியக் கல்லூரிகளில் இதை 'ஸ்டில் லைஃப்' என்றே சொல்கிறார்கள். 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் சென்னையில் தொடங்கிய ஓவியப் பள்ளி போன்றவற்றின் வழியாக ஐரோப்பியப் பயிற்சி முறை தமிழ்நாட்டுக்கு வந்தது. இந்த வகையும் அதனோடு வந்ததுதான். ஆனால் இங்கே அது பெரும்பாலும் மாணவர் பயிற்சியாகவே நின்றுவிட்டது. பளபளக்கும் உலோகமும் பூவும் ஒன்றாக வரும் ஓவியங்களைப் பார்த்தால், அப்படி நின்றுபோனதால் நாம் இழந்தது என்ன என்று தெரியும்.

இரு பரப்புகள்

கனகாம்பரப் பூவின் இதழ் தன்மேல் விழும் ஒளியை எல்லாத் திசையிலும் சிதறவிடுகிறது. எங்கிருந்து பார்த்தாலும் அதன் செம்மஞ்சள் நிறம் அதிகம் மாறுவதில்லை. தேய்த்து வைத்த பித்தளைக் குடம் அப்படியல்ல. அது ஒரு வளைந்த கண்ணாடி. அதில் தெரிவது ஜன்னல், சுவர், பக்கத்தில் இருக்கும் பூ, எதிரே உட்கார்ந்திருக்கும் ஓவியர். குடத்தை வரைபவர் உண்மையில் அறையைத்தான் வரைகிறார்.

புதிதாக வரைபவர்கள் குடம் முழுவதும் மஞ்சள் பூசி, நடுவில் ஒரு வெள்ளைக் கோடு இழுத்துவிடுவது வழக்கம். அப்படி வரைந்தால் அது பிளாஸ்டிக் குடம்போல ஆகிவிடுகிறது. பிளாஸ்டிக்கின் மினுக்கம் விளக்கின் நிறத்தைக் கொண்டிருக்கும். செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளையோ பிரதிபலிப்புக்கும் தன் மஞ்சளை ஏற்றிவிடும். மிகப் பிரகாசமான புள்ளி மட்டுமே வெள்ளையை நெருங்கும். அதை ஒட்டியே கருமைக்கு அருகிலான பழுப்பும் இருக்கும். குடத்தின் வயிற்றில் பூவின் நிறம் மங்கலாக விழும் இடத்தில்தான் இரண்டு பொருள்களும் ஒரே மேசையில் இருப்பதாக நம்புகிறோம்.

கிளாரா பீட்டர்ஸ்

இந்தச் சேர்க்கையைப் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆழமாகக் கையாண்டவர் பிளெமிஷ் ஓவியர் கிளாரா பீட்டர்ஸ். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ கலைக்கூடத்தில் இருக்கும் அவருடைய 1612-ஆம் ஆண்டு ஓவியத்தில் பூச்சாடி, பொற்கிண்ணங்கள், நாணயங்கள், சிப்பிகள் உள்ளன. வலப்புறக் கிண்ணத்தின் உருண்டைப் புடைப்புகளை உற்றுப் பார்த்தால், பலவற்றில் ஒரு பெண்ணின் உருவம் மிகச் சிறியதாகத் தெரிகிறது. அது ஓவியரேதான்.

ஆடையற்ற உடலைப் பார்த்து வரையும் பயிற்சி பெண்களுக்கு மறுக்கப்பட்டிருந்த காலம் அது. மேசைப் பொருள்களோடு நின்றுகொள்ள வேண்டியவர், அந்தப் பொருள்களின் பளபளப்பிலேயே 'வரைந்தவள் நான்' என்று பதிவு செய்தார். 2016-ல் மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி நடத்தியது. பெண் ஓவியர் ஒருவருக்கு அங்கு நடந்த முதல் தனிக் கண்காட்சி அதுவே.

தஞ்சாவூர் வழி

நம் மரபில் பளபளப்புக்கு வேறு பாதை உண்டு. தஞ்சாவூர் ஓவியத்தில் பொன்னைப் போலத் தோன்றும்படி வண்ணம் தீட்டுவதில்லை. சுண்ணப் பொடியும் பசையும் சேர்த்துப் புடைப்பை எழுப்பி, அதன்மேல் தங்கத்தகட்டை ஒட்டுகிறார்கள். கண்ணாடிக் கற்களும் பதிக்கிறார்கள். இத்தாலியரான ஆல்பெர்ட்டி 1435-ல் எழுதிய ஓவிய நூலில் உண்மைப் பொன்னை ஒட்டுவதைவிட, வண்ணத்தால் பொன்னைக் காட்டுவதே ஓவியனுக்குப் பெருமை என்று வாதிட்டார். அந்த அளவுகோலை வைத்துத் தஞ்சாவூர் ஓவியத்தை மதிப்பிடுவது பொருந்தாது. அங்கே விளக்கு அசையும்போது பொன்னும் அசைகிறது. பார்ப்பவர் நகர்ந்தால் ஒளியும் நகர்கிறது. பூஜை அறைக்கு வேண்டியது அதுதான்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே பொன்னும் பூவும் தெய்வத்துக்கு உரியவை. மாலையைத் தனியே, குடத்தைத் தனியே பார்ப்பதற்கு அந்த ஓவியத்தில் இடமில்லை.

இளையராஜா

கும்பகோணம் பகுதியிலிருந்து வந்த ஓவியர் எஸ். இளையராஜா (1979–2021) கிராமத்து வீட்டுப் பெண்களை வரைந்து பெரும் புகழ் பெற்றார். அவர் படங்களில் பித்தளைப் பாத்திரங்களும் தலையில் சூடிய பூவும் அடிக்கடி வருகின்றன. அரை இருட்டான வீட்டுக்குள் ஒரு பக்கத்திலிருந்து வரும் வெளிச்சத்தில் உலோகம் ஒளிர்வதைத் தங்கத்தகடு இல்லாமல் வண்ணத்தாலேயே காட்டினார். அது தேய்த்துப் புழங்கிய பாத்திரத்தின் பளபளப்பு; அதன் பின்னால் ஒரு கையின் வேலை இருப்பது தெரிகிறது. இதுவே அவருடைய பெரிய பலம்.

குறையும் இங்கேயே இருக்கிறது. அவர் வரைந்த வீட்டில் பிளாஸ்டிக் குடம் பெரும்பாலும் இல்லை. பழைய வீட்டின் அழகு மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஏக்கமாகிவிடுகிறது. பாத்திரமும் பெண்ணின் அழகுக்குத் துணையாகவே நிற்கிறது.

சிலமலை மேசை

தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூரை அடுத்த சிலமலையில் ஒரு மாணவி இன்று அசையாப் பொருள் ஓவியம் வரைய உட்கார்ந்தால் எதை எடுத்து வைக்கலாம்? இந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெண்கள் ஜீப்பில் ஏறி, மலைக்கு மேலே இடுக்கி ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். அவர்களோடு போவது எவர்சில்வர் தூக்குவாளி. சீலையம்பட்டிப் பூச்சந்தையும் தொலைவில் இல்லை. தூக்குவாளி, ஒரு முழம் பூ, ஒரு கைப்பிடி ஏலக்காய்: ஒன்று கண்ணாடி, ஒன்று மென்மையான இதழ், ஒன்று வரி வரியான காய்ந்த தோல். எவர்சில்வரில் பித்தளையின் மஞ்சள் கிடையாது. எதிரே இருப்பதை ஏறக்குறைய அதன் நிறத்திலேயே காட்டும். ஊருக்கு மேற்கே மலை இருப்பதால் மாலையில் வெயில் முன்னதாகவே மறைகிறது. வானம் மட்டும் வெகுநேரம் வெளிச்சமாக இருக்கும். அந்த மெல்லிய ஒளி உலோகத்தை வரைய உகந்தது.

அந்தத் தூக்குவாளியில் அடிபட்ட நெளிவு இருந்தால் அதையும் வரைய வேண்டும். நெளிவில் பிரதிபலிப்பு உடையும். அந்த உடைந்த கோட்டில் வாளி எத்தனை நாள் மலை ஏறி இறங்கியது என்பது தெரியும். கிளாரா பீட்டர்ஸ் பொற்கிண்ணத்தில் தன்னைக் காட்டிக்கொண்டதுபோல, வரைபவளின் முகமும் அதில் விழும். பயிற்சித் தாளில் மதிப்பெண்ணோடு முடிந்துபோகும் இந்த வகைக்கு, ஒரு ஊரின் உழைப்பைப் பொருள்கள் வழியாகவே சொல்லும் வலு இருக்கிறது. நம் ஓவியர்கள் அதை இன்னும் போதிய அளவு பயன்படுத்தவில்லை.