ஒரே இடத்தில் உடையும் எழுத்து

சமீபத்தில் ஒரு கவிதைத் தொகுப்பு கைக்கு வந்தது. அட்டையில் தலைப்பு தூரிகையால் இழுத்த மாதிரி, ஓரமெல்லாம் பிசிறு. நல்லாத்தான் இருந்தது. சுங்காயிலிருந்து கோலாலம்பூருக்கு ரயிலில் போகும்போது மறுபடி எடுத்துப் பார்த்தேன். தலைப்பில் இரண்டு 'ம' வருகிறது. இரண்டிலும் பிசிறு ஒரே இடத்தில், ஒரே அளவில். அதாவது எழுத்துரு. யாரும் எழுதவில்லை, தட்டியிருக்கிறார்கள்.

இதில் என்ன குற்றம்? நான் பொறியாளன், ஒருமுறை செய்ததை நூறுமுறை பயன்படுத்துவதுதான் என் பிழைப்பே. ஆனால் அந்தப் பிசிறு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் கொஞ்சம் கசக்கிறது.

எனக்குத் தெரிந்தவரை அந்த வழி ஓவியர் ஆதிமூலத்திடம் போய்ச் சேர்கிறது. 1938இல் திருச்சிப் பக்கம் கீராம்பூரில் பிறந்து 2008இல் மறைந்தவர். 1969இல் காந்தி நூற்றாண்டுக்கு காந்தியை நூறு கோட்டோவியங்களாக வரைந்தவர். ஜூனியர் விகடனில் கி.ரா.வின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்குப் படம் போட்டவரும் அவரே. நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தார். சிற்றிதழ்களுக்கும் புத்தகங்களுக்கும் தலைப்பு எழுதித் தந்தார். நான் பார்த்த அட்டைகளில் அவர் எழுத்து அழகாக வளைந்து கொடுப்பதில்லை. திரும்ப வேண்டிய இடத்தில் முறிகிறது. காந்தியின் தோளை இழுத்த அதே கைதான் 'க'வின் முதுகையும் இழுத்திருக்கிறது. பிசிறு அங்கே அலங்காரம் இல்லை, கை ஓடிய வேகம்.

இது எனக்குப் புரிந்தது, நானே எழுதிப் பார்த்துத் தோற்ற பிறகுதான். ஈப்போவில் ஒரு பைலட் பேரலல் பேனா வாங்கினேன், 3.8 மில்லிமீட்டர். இரண்டு தட்டை உலோகத் தகடுகள், நடுவே மை இறங்கும், அவ்வளவுதான் பொறிமுறை. (இந்தியன் இங்கை ஊற்றிவிடாதீர்கள். அதிலிருக்கும் அரக்கு காய்ந்தால் பேனா போச்சு.) 45 பாகையில் பிடித்து ஆங்கிலம் எழுதினால் தடிப்பும் மெலிவும் தானாக வருகிறது. 'ண' எழுதினால் சுழிகள் மையில் மூடிக்கொள்கின்றன. சுழி திறந்திருக்க வேண்டுமென்றால் எழுத்தை உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்க வேண்டும். காரணம் எளிது. இலத்தீன் எழுத்து தட்டை முனையில் வளர்ந்தது. நம்முடையது ஓலையில் எழுத்தாணியால் கீறியது. கீறலுக்குத் தடிப்பு மெலிவு ஏது? பிறகு கரியைத் தேய்த்தால் ஒரே பருமனில் கோடு தெரியும்.

இன்ஸ்டாகிராமில் வரும் தமிழ் வனப்பெழுத்தில் பாதி, இலத்தீன் பேனாவின் பழக்கத்தைத் தமிழுக்கு மாட்டிவிட்டது போலவே எனக்குத் தெரிகிறது. பார்க்க அழகு, படிக்கத்தான் முடியவில்லை. ஆதிமூலம் பேனாவின் விதியை இரவல் வாங்கவில்லை, தன் ஓவியத்திலிருந்தே ஒரு விதியை எடுத்துக்கொண்டார். அவரைப் பின்பற்றியவர்கள் அந்த விதியை விட்டுவிட்டு பிசிறை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இன்று பிசிறு இருந்தால் இலக்கியம், இல்லாவிட்டால் சமையல் குறிப்பு என்றாகிவிட்டது.

2019இல் தமிழ், சீனப் பள்ளிகளின் நான்காம் ஆண்டு மலாய்ப் பாடநூலில் ஜாவி காட் எழுத்து வரப்போகிறது என்றதும் நாம் போட்ட சண்டை ஞாபகமிருக்கும். ஆறு பக்கம் மூன்றாகக் குறைந்தது. சண்டை நியாயமா இல்லையா என்பது வேறு பேச்சு. காட் எழுதுபவருக்குப் பேனா முனை வைக்கும் புள்ளியே அளவுகோல், அலிஃபின் உயரத்தைப் புள்ளிகளை எண்ணித்தான் சொல்வார். சீனருக்குத் தூரிகை இருக்கிறது. அந்தச் சமயத்தில் நம் எழுத்துக்கு என்ன கருவி, என்ன அளவு என்று ஒருவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் பழைய தோட்டத்தில் இப்போது செம்பனை. கோயில் வளைவில் மட்டும் யாரோ ஒரு பெரியவர் பெயிண்டால் எழுதிய 'மகா மாரியம்மன்' இன்னும் இருக்கிறது. நான்கு 'ம', நான்கும் வேறு வேறு. இடம் போதாமல் கடைசி 'ன்' சுவரோடு ஒடுங்கி நிற்கிறது. இந்த வருஷத் திருவிழாவுக்கு அதன் மேல் பிளாஸ்டிக் பேனர் கட்டியிருந்தார்கள். காற்றில் பேனர் தூக்கும்போதெல்லாம் அந்த 'ன்' மட்டும் தெரிந்தது.