கிலோ கணக்கு

'சேது' பற்றி யாரிடமாவது பேச்செடுத்துப் பாருங்க. பாலா பெயர் வரும், இளையராஜா பெயர் வரும், கட்டாயம் விக்ரமின் எடையும் வரும். பாண்டி மடக் காட்சிகளுக்காக மொட்டையடித்து, சாப்பாட்டைக் குறைத்து, எலும்பும் தோலுமாகிப் போன கதை. படம் வந்தது 1999இல். இரண்டு வருடம் கழித்து வந்த 'ஆளவந்தான்' இதற்கு நேரெதிர். மனநலக் காப்பகத்தில் அடைபட்டிருக்கும் நந்துவுக்காகக் கமல் உடம்பை முறுக்கேற்றினார். அந்த மொட்டைத் தலையையும் புஜத்தையும் பற்றி இன்றைக்கும் பேசுகிறோம்.

இரண்டும் பெரிய உழைப்பு, சந்தேகமில்லை. ஆனால் இரண்டு படங்களிலும் நாம் கைதட்டியது யாருடைய உடம்புக்கு? நடிகரின் உடம்புக்கு. அவர் ஏற்று நடித்த ஆளின் உடம்புக்கு என்ன நடக்கும் என்று நாம் கேட்கவே இல்லை. நம் சினிமாவில் தீவிர மனநோய்க்கு முகம் உண்டு, கண் உண்டு, கத்தல் உண்டு. உடம்பு மட்டும் கிடையாது.

நந்துவையே எடுத்துக்கொள்வோம். ஸ்கிசோஃப்ரினியா. பல வருடங்களாக உள்ளே இருப்பவன். அந்தக் காலத்துக் காப்பகங்களில் அதிகம் கொடுக்கப்பட்டவை குளோர்புரோமசின், ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள். குரல்களை அடக்கும். கூடவே பலருக்குக் கைகால் விறைக்கும், விரல் நடுங்கும், நடை சுருங்கும். அப்படி வருடக்கணக்கில் மருந்தும் நாலு சுவருமாக இருந்த ஒருவர் கமாண்டோ தம்பிக்குச் சமமாகப் பாய்ந்து சண்டை போடுவாரா? லாஜிக் ஓட்டையைக் கண்டுபிடிக்க இதைக் கேட்கவில்லை. படம் நந்துவைப் பார்த்து நம்மைப் பயப்பட வைக்க நினைத்தது. பயத்துக்கு புஜபலம் தேவைப்பட்டது. சேதுவைப் பார்த்து அழ வைக்க நினைத்த பாலாவுக்கு எலும்பு தேவைப்பட்டது. சேதுவுக்கு வந்தது தலையில் அடிபட்டதால் வந்த பாதிப்பு, நோய் வேறுதான். ஆனால் இரண்டு இயக்குநர்களும் செய்தது ஒன்று. பார்வையாளருக்கு என்ன உணர்ச்சி வேண்டுமோ, அதற்கேற்ற உடம்பை வரவழைத்தார்கள்.

நிஜத்தில் இந்த உடம்பு ரொம்ப சாதாரணமாக மாறும். சினிமாவுக்கு ஆகாத அளவுக்குச் சாதாரணமாக. இப்போது பரவலாகத் தரப்படும் ஓலான்சபின், குளோசபின் போன்ற மருந்துகள் பசியைத் தூண்டும். சாப்பிட்டு எழுந்த அரை மணியில் மறுபடி பசிக்கும். தூக்கம் அழுத்தும். சில மாதங்களிலேயே பத்து கிலோ ஏறுபவர்கள் உண்டு. பின்னாலேயே சர்க்கரை, கொழுப்பு. நோயின் ஒரு பகுதியாகவே வருகிற ஆர்வமின்மை வேறு ஆளை எழவிடாது. புகைப்பழக்கமும் இவர்களிடம் மற்றவர்களைவிட மிக அதிகம். தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருடம் முன்னதாக இறந்துபோகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாம் நினைப்பதுபோல அத்தனையும் தற்கொலை இல்லை. பெரும்பாலான சாவுகள் உடல்நோயால், முக்கியமாக இதயநோயால் வருபவை. தடுத்திருக்கக்கூடியவை. நெஞ்சு வலிக்கிறது என்று அவர் சொன்னால், 'அதுவும் பிரமையா இருக்கும்' என்று தள்ளிவிடுவதும் அதில் ஒரு காரணம்.

இப்போது '3' படத்தை நினைத்துப் பாருங்க. ராமுக்கு பைபோலார். நோய் என்பது அங்கே கோபம், பிரமை, ரகசியம், கடைசியில் தற்கொலை. 'ராம் பிழைத்து, ஒழுங்காக மருந்து சாப்பிட்டு, நாற்பத்தைந்து வயதில் மாரடைப்பில் போனான்' என்று ஒரு முடிவை எந்தத் தயாரிப்பாளரிடமும் சொல்ல முடியாது. ஆனால் நம் ஊரில் அதிகம் நடப்பது அந்த மாதிரிக் கதைதான்.

இலக்கியத்திலும் இந்தச் சாய்வு உண்டு என்று நினைக்கிறேன். எம்.வி. வெங்கட்ராமின் சாகித்ய அகாதமி விருது பெற்ற நாவல் 'காதுகள்'. கோபிகிருஷ்ணன் எழுதியது 'உள்ளேயிருந்து சில குரல்கள்'. இரண்டும் முக்கியமான புத்தகங்கள், இரண்டையும் தேடிப் படிக்க வேண்டும். தலைப்புகளைக் கவனியுங்கள். ஒன்று காது, மற்றது குரல். மனநோய் என்றதும் கேட்பதும் பேசுவதுமே நமக்கு நினைவுக்கு வருகின்றன. வயிறும் காலும் வருவதில்லை.

'சினிமா என்ன மருத்துவக் கையேடா? இதையெல்லாம் ஏன் காட்டணும்?' என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. என் பதில் அழகியல் சார்ந்தது. சினிமாவுக்குப் பிடித்த காலம் நெருக்கடியின் காலம்: ஒரு இரவு, ஒரு கத்தல், ஒரு ஓட்டம். நோயாளி வாழும் காலமோ வருடங்கள். அந்த வருடங்கள் எங்கே சேர்கின்றன? உடம்பில்தான். உடம்பை விட்டுவிட்டால் கதையிலிருந்து காலமே போய்விடும். மிஞ்சுவது ஒரு 'கேஸ்' மட்டுமே, ஆள் இல்லை.

'ஆளவந்தான்' வெளியான அதே 2001இல், ஆகஸ்ட் 6ஆம் தேதி, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. மூன்றே மாதத்தில் திரையில் ஒரு மனநோயாளி சுவர் தாண்டி, கூரை தாண்டிப் பாய்ந்தார். சங்கிலி முதலில் பறிப்பது நடையை. 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்துவிட்டது. ஆனாலும் சங்கிலி இல்லாமலே எத்தனையோ பேர் வீட்டு மூலையில் ஒரு கட்டிலிலேயே வருடங்களைக் கழிக்கிறார்கள். மாத்திரை போட்டாச்சா என்று கேட்கிறோம். நடந்தாச்சா என்று கேட்பதில்லை.

இந்த உடம்பைக் கொஞ்சமாவது பார்த்த படம் என்றால் எனக்கு 2012இல் வந்த 'சில்வர் லைனிங்ஸ் பிளேபுக்' நினைவுக்கு வருகிறது. பைபோலார் உள்ள பாட், வியர்வை கொட்டுவதற்காகக் கறுப்புக் குப்பைப் பையை மேலே மாட்டிக்கொண்டு தெருவில் ஓடுவான். பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் அந்த ஓட்டம் தண்டனை. இளைத்தால் பிரிந்துபோன மனைவி திரும்பி வருவாள் என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. பிறகு டிஃபனி வருகிறாள், நடனப் போட்டிக்குப் பயிற்சி தொடங்குகிறது. அங்கேதான் படம் சரியான ஒன்றைத் தொடுகிறது: குறிப்பிட்ட நேரம், ஓர் இடம், கூட ஒரு ஆள். தனியாக ஓடியது வெறி. சேர்ந்து ஆடியது பழக்கம். ஆனால் முடிவில் காதல் எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. பிராட்லி கூப்பரின் உடம்பு முதலிலிருந்தே கட்டுக்கோப்பாக இருப்பதால் மருந்தின் பாரமும் நமக்குத் தெரிவதில்லை.

டிஃபனி செய்ததை ஒரு மருத்துவத் திட்டமாகவே சிட்னியில் செய்து பார்த்தார்கள். முதல்முறை சைக்கோசிஸ் வந்த இளைஞர்களுக்கு மருந்து தொடங்கும்போதே ஒரு செவிலியர், ஓர் உணவு ஆலோசகர், ஓர் உடற்பயிற்சி நிபுணர், கூடவே இதே நோயைக் கடந்துவந்த சக இளைஞர். 2016இல் வெளியான முடிவில், 12 வாரத்தில் இவர்களுக்குச் சராசரியாகக் கூடியது 1.8 கிலோ. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 7.8 கிலோ. சிறிய ஆய்வுதான், இரண்டு குழுவும் சேர்த்து முப்பது பேர்கூட இல்லை. ஆனாலும் அந்த ஆறு கிலோ வித்தியாசம் சாதாரணமில்லை. குண்டாகிவிட்டோம் என்றே மருந்தை நிறுத்துபவர்கள் நிறைய. நிறுத்தினால் நோய் திரும்பும்.

இதைச் சொல்லும்போதே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். 'ஜிம்முக்குப் போ, எல்லாம் சரியாயிடும்' என்கிற ரீல்ஸ் ஞானம் இது இல்லை. ஓடினால் ஸ்கிசோஃப்ரினியா போகாது. மருந்தின் இடத்தில் நடையை வைக்க முடியாது. பக்கத்தில் வைக்கலாம். அந்த ரீல்ஸ் செய்கிற இன்னொரு அநியாயம், எடை கூடியதை நோயாளியின் சோம்பேறித்தனமாக மாற்றிவிடுவது.

அதில் நம் சினிமாவுக்கும் பங்கு உண்டு. நம் படங்களில் பருமனான உடம்புக்கு ஒரே வேலை, காமெடி. குரல்கள் அடங்கி, தூக்கம் வந்து, மெல்ல மீண்டு ஒரு கல்யாண வீட்டுக்கு வருகிறவரை நாம் அந்தக் காமெடிக் கண்ணோடுதான் வரவேற்கிறோம். 'என்னப்பா, நல்லா சாப்பிடற போல?' அவர் சிரித்துவைப்பார். வாழ்க்கையின் மிகப்பெரிய சண்டையில் ஜெயித்து வந்தவரின் உடம்பு அது. நம் கண்ணுக்குத் தெரிவது தொப்பை மட்டும்.

எடை குறைத்த நடிகரையும் கூட்டிய நடிகரையும் போதுமான அளவு பாராட்டியாச்சு. இனி எனக்குப் பார்க்க வேண்டிய காட்சி வேறு. மருத்துவமனையிலிருந்து வந்து ஆறு மாதம் ஆன ஒருத்தி, வேலைக்கான நேர்காணலுக்குக் கிளம்புகிறாள். பழைய சுடிதார் எதுவும் உள்ளே போகவில்லை. கட்டில் நிறையத் துணி. கையில் மாத்திரை அட்டை. வாசலில் தோழி, 'பரவால்ல வாடி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே போலாம்' என்கிறாள். இதை எழுத ஒரு ஆள் வேண்டும்.