பேட்டைப் பிள்ளைகள் எழுதிய நகரம்

அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலம் போன்ற ஊரில் வளர்ந்தவருக்குத் தன் பால்யத்தை எழுத முன்னோடிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கிராமத்துச் சிறுவயதைக் கி. ராஜநாராயணன் தொடங்கிப் பல தலைமுறைகள் எழுதித் தீர்த்திருக்கின்றன. பெரம்பலூரில் பிறந்த ப. சிவகாமி 'பழையன கழிதலும்' (1989) நாவலில் கிராமத்துச் சேரி வாழ்வைக் கௌரி என்ற பெண்ணின் பார்வையோடு எழுதினார். பின்னால் 'ஆசிரியர் குறிப்பு' எழுதி, தன் நாவலைத் தானே மறுபடி விசாரித்தார். ஆனால் அதே ஊர்ப்பக்கத்திலிருந்து கொத்து வேலைக்கோ பனியன் கம்பெனிக்கோ கிளம்பிப் போன குடும்பத்தின் பிள்ளை சென்னையிலோ திருப்பூரிலோ ஒற்றை அறை வாடகை வீட்டில் வளர்ந்தால், அந்தப் பிள்ளைக்கு முன்னால் இருக்கும் புத்தக அடுக்கு சின்னது.

அந்த அடுக்கில் ஜெயகாந்தனுக்கு முக்கியமான இடம் உண்டு. கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்து, சிறுவனாகவே சென்னைக்கு வந்து, கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் வளர்ந்தவர் அவர். 'உன்னைப் போல் ஒருவன்' சித்தாள் வேலை பார்க்கும் தாயின் கதை. அவளோடு வந்து சேரும் கிளி ஜோசியக்காரனை ஏற்கமுடியாத மகனின் கதை. 1965இல் அதை அவரே படமாகவும் எடுத்தார். சேரிச் சிறுவனின் கோபத்துக்கும் வெட்கத்துக்கும் முழு மரியாதை கொடுத்த படைப்பு அது. ஆனாலும் ஜெயகாந்தனின் பாத்திரங்கள் வாதாடுகிறார்கள். பையன் பேசும்போது பின்னாலிருந்து ஆசிரியரின் குரல் கேட்கிறது. அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' (1977) செகந்திராபாத் ரயில்வே குடியிருப்பில் வளரும் சந்திரசேகரனை அப்படிப் பேச விடுவதில்லை. பார்க்க மட்டும் விடுகிறது. ஆனால் அது மாதச் சம்பளக் குடும்பத்தின் உலகம்.

தெருப் பிள்ளைகளின் நினைவில் முதலில் நிற்பது வேலைதான் என்பது என் முடிவு. விளையாட்டு அதற்குப் பிறகே வருகிறது. பெருமாள்முருகனின் 'நிழல் முற்றம்' (1993) இதற்குச் சரியான சான்று. திருச்செங்கோட்டில் சினிமா தியேட்டரில் சோடாக்கடை வைத்திருந்தவரின் மகன் அவர். நாவலில் வரும் பையன்கள் இடைவேளை விட்டதும் சோடா பாட்டிலோடு இருக்கைகளுக்கு நடுவே ஓடுகிறார்கள். கணக்கில் குறைந்தால் அடி வாங்குகிறார்கள். இரவில் தியேட்டரிலேயே படுத்துக்கொள்கிறார்கள். இவர்கள்மேல் இரக்கப்படும்படி நாவல் நம்மை எங்கும் கெஞ்சுவதில்லை. அந்தப் பையன்களின் சிரிப்பும் கெட்ட வார்த்தையும் கஞ்சாவும் ஒருவர்மேல் ஒருவர் வைக்கும் பாசமும் அப்படியே வருகின்றன. அதற்கு முந்தைய 'ஏறுவெயில்' (1991), குடியிருப்புக் காலனிக்காக நிலம் பறிபோன குடும்பத்தை அதன் சிறுவன் வழியே சொல்கிறது. நகரம் வீட்டு வாசலுக்கே வந்து சேர்வதை இவ்வளவு கூர்மையாகச் சொன்ன நாவல்கள் தமிழில் குறைவு. டி. செல்வராஜின் 'தோல்' நாவலுக்கு 2012இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. திண்டுக்கல் தோல் ஷாப்புகளில் சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கி வளரும் பிள்ளைகளை அதில் பார்க்கலாம். எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல் கடிகை' (2004) திருப்பூரின் ஐந்து நண்பர்களைப் பள்ளியிலிருந்து பனியன் தொழிலுக்குள் பின்தொடர்கிறது. திருப்பூர் பற்றி எழுத நினைப்பவர் அங்கிருந்து தொடங்கலாம்.

வடசென்னைதான் நீண்ட காலம் வாய் திறக்காமல் இருந்தது. இது ஆச்சரியம் மட்டுமல்ல, வருத்தமும்கூட. அங்கிருந்த பின்னி மில் தொழிலாளர்களை வைத்து 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1921இல் ஆறு மாதம் நீண்ட வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. சங்கத்தின் தலைவர்களில் ஒருவரான திரு.வி.க. அக்காலத்தைத் தம் 'வாழ்க்கைக் குறிப்புக'ளில் எழுதினார். குடிசை எரிந்த வீட்டுப் பிள்ளை என்ன பார்த்தது என்பதை எழுத அன்று ஆளில்லை. மில் சங்கு கேட்டு வளர்ந்த தலைமுறைகளின் சொந்தக் குரல் புத்தகமாக வருவதற்குள் மில்லே மூடப்பட்டுவிட்டது.

இந்த நிலையைக் கடந்த சில பத்தாண்டுகள் மாற்றியிருக்கின்றன. கரன் கார்க்கியின் 'கறுப்பர் நகரம்', பாக்கியம் சங்கரின் 'நான்காம் சுவர்', ஷாலின் மரிய லாரன்ஸின் 'வடசென்னைக்காரி' ஆகிய மூன்றும் உள்ளிருந்து வந்தவை. 'வடசென்னை' என்றாலே அரிவாளைக் காட்டும் சினிமாவுக்கு இவை நேரான பதில். வடசென்னைக்கு வெளியே, நெசவாளர்களைக் குடியேற்ற 1734இல் கிழக்கிந்தியக் கம்பெனி உருவாக்கிய சிந்தாதிரிப்பேட்டையைத் தமிழ்ப்பிரபாவின் 'பேட்டை' (2018) எழுதுகிறது. கூவத்தோரக் குடியிருப்பில் ரூபன் வளரும்போது ஜெபமும் பேயும் நட்பும் ஒரே குறுகலான சந்துக்குள் நடமாடுகின்றன. அந்தப் பேச்சுமொழி கிண்டலுக்காக வைக்கப்பட்டதல்ல. அதில்தான் மனிதர்கள் அழுகிறார்கள், நேசிக்கிறார்கள்.

இருந்தும் பெரிய இடைவெளி ஒன்று மிஞ்சுகிறது. மராத்தியில் தயா பவார் 1978லேயே 'பலூத'வில் மும்பையின் காவாகானா பகுதியில் கழிந்த தன் சிறுவயதை மறைக்காமல் எழுதினார். தமிழில் கே.ஏ. குணசேகரனின் 'வடு' (2005) போன்ற தன்வரலாறுகள் கிராமத்தையும் சிற்றூரையும் சொல்கின்றன. பெருநகரத் தெருவிலிருந்து அந்த எடையுள்ள தன்வரலாறு இன்னும் தேவை. பெண் பிள்ளைகள் எழுதியது அதைவிடக் குறைவு. குழாயடியில் குடத்தோடு நின்றது, தம்பியை இடுப்பில் வைத்தபடி வீட்டுப்பாடம் எழுதியது, வயதுக்கு வந்ததும் தெரு சட்டென்று மூடிக்கொண்டது – இவற்றை ஆண்கள் எழுதிய நாவல்களில் ஓரமாகத்தான் பார்க்கிறோம்.

இதற்கிடையே அந்தத் தெருக்களே இடம்பெயர்ந்தன. குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கியது. 2000க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று கூவக்கரை மக்கள் நகரத்தின் விளிம்புக்கு அனுப்பப்பட்டார்கள். கண்ணகி நகரில் பிறந்த முதல் பிள்ளைகள் இப்போது இருபது வயதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களுக்கு நினைவில் இருப்பது புழங்கிய தெரு அல்ல. பெற்றோர் இழந்துவிட்டுச் சொல்லும் தெரு. அதை எழுத அவர்களால்தான் முடியும். சிறுபத்திரிகை நடத்துபவர்களே, அந்தப் பிள்ளைகளிடம் கதை கேளுங்கள். மொழியைத் திருத்தாமல் அச்சிடுங்கள். அப்படி ஒரு தெருவில் வளர்ந்து இதைப் படித்துக்கொண்டிருப்பவரே, வீட்டு வாடகை எவ்வளவு, தண்ணீர் எத்தனை மணிக்கு வந்தது, அம்மா எந்த வேலைக்குப் போனார் என்பதிலிருந்து எழுதத் தொடங்குங்கள்.